வழி சொன்ன பாணர்

தேனாம்பேட்டைவாசிகளில் பல வகையினர் உண்டு. காலை ஏழு மணிக்கே சலவை வேட்டி கட்டிக்கொண்டு அறிவாலயத்துப் பக்கம் எவரையோ பார்க்கப் புறப்படுகிறவர் ஒருவர், வெகு காலமாய் உதவி இயக்குநராகவே இருந்து அடுத்த தைக்குள் இயக்குநராகிவிடப் போகிறவர் ஒருவர், டி.எம்.எஸ். அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்து, ஊராருடைய விண்ணப்பங்களையெல்லாம் மனப்பாடமாய் அறிந்து வைத்திருப்பவர் மற்றொருவர். இவர்களைப் பேட்டை நெடுநாளாய் அறியும். ஆனால், எல்டாம்ஸ் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், இரண்டாம் மாடி பால்கனியில், துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே கான்வாஸைச் சாய்த்து வைத்து, ஈரப் புடவை சொட்டாத நேரம் பார்த்துச் சித்திரம் எழுதுகிறவரும், வருஷத்தில் மூன்று மாதம் ஏதேனும் ஓர் அந்நிய தேசத்தில் அந்தத் தேசத்தாருடைய செலவிலேயே வாசம் செய்துவிட்டுத் திரும்புகிறவருமான ஓவியர் என்னும் பிரகிருதி சமீப காலத்து உற்பத்தி. அவருடைய லட்சணங்களை எவரும் முறையாக எழுதி வைத்ததாகத் தெரியவில்லையாதலால், அந்தப் பணியை நான் மேற்கொள்கிறேன்.

இந்த வாசத்துக்கு ரெசிடென்சி என்று பெயர். கடல் கடந்த தேசங்களில் சில தர்மப் பிரபுக்களும் சர்வகலாசாலைகளும் கலைஞனுக்கு ஓர் அறை, நல்ல வெளிச்சம் விழும் ஒரு கூடம், மாதந்தோறும் ஒரு தொகை ஆகியவற்றைக் கொடுத்து, "ஐயா, தாங்கள் வேலை செய்தாலும் சரி, ஜன்னல் வழியே வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. பாரிஸில் ஸேன் நதியோரம் 1965-ல் திறக்கப்பட்ட சர்வதேசக் கலை நகரத்தில் இப்படி முந்நூறுக்கு மேற்பட்ட ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்துப் பீட்டர்பரோவில், எட்வர்டு மெக்டவல் என்ற சங்கீதக்காரரும் அவருடைய மனைவி மரியனும் 1907-ல் ஸ்தாபித்த இல்லத்தில், கலைஞனுடைய சிந்தனை கலைந்துவிடக் கூடாதென்று மத்தியான ஆகாரத்தைக் கூடையில் வைத்து ஸ்டுடியோ வாசலில் சப்தமில்லாமல் வைத்துவிட்டுப் போய்விடும் சம்பிரதாயம் ஒன்று உண்டு. "சாப்பிட வரீங்களா, இல்ல எடுத்து மூடி வச்சிடட்டுமா?" என்னும் குரலையே கல்யாணமான நாள் முதல் கேட்டுப் பழகிய ஒருவர், இந்தக் கூடையைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று இரவு உறங்கவில்லையென்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

யோசித்துப் பார்த்தால் இது தமிழனுக்குப் புதிதும் அன்று. பொருநராற்றுப்படையில் கரிகாலனைப் பாடிச் சென்ற கலைஞனுக்கு என்னென்ன உபசாரங்கள் நடந்தன! ஈரும் பேனும் குடியிருந்த கந்தையைக் களைந்துவிட்டு, இழை ஓடிய வழி கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஆடை கொடுத்தார்கள்; இரவும் பகலும் ஊன் தின்று அவன் பல்லே மழுங்கிப் போயிற்று; ஊருக்குப் புறப்படுகிறேன் என்று அவன் சொன்னபோது அரசன் மனம் நொந்து, தேரும் கொடுத்து, ஏழடி பின்னால் நடந்து வந்து வழியனுப்பினான். இக்காலத்து நிர்வாகிகள் ஏழடி நடப்பதில்லை. மின்னஞ்சலில் ஒரு கருத்துப் படிவம் அனுப்புகிறார்கள். அது கிடக்கட்டும். அந்தப் பழைய கலைஞன் பரிசோடு திரும்பும் வழியில், பசியோடு எதிரே வந்த மற்றொரு கலைஞனை நிறுத்தி, "இன்ன வழியாய்ப் போ, இன்னாரைப் பார், எனக்குக் கிடைத்தது உனக்கும் கிடைக்கும்" என்று சொன்னானே, அந்தப் பெருந்தன்மைக்குத் தொல்காப்பியமே இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. நமது தேனாம்பேட்டை ஓவியர் மரபிலிருந்து விலகுகிற ஸ்தலம் சரியாக இதுதான்.

முதலில் விண்ணப்பப் பருவத்தைச் சொல்ல வேண்டும். தண்ணீர் லாரிக்காகத் தெருமுனையில் வரிசை வைத்த பிளாஸ்டிக் குடங்களை அவர் வெகு அழகாக எழுதுவார். சிவப்பு, பச்சை, மஞ்சள், வாய் உடைந்த ஒரு நீலம். படத்தைப் பற்றிக் கேட்டால், "குடம் சார், வேறென்ன" என்பார். அதே படம் விண்ணப்பத்துக்குள் நுழைந்தவுடன், "நீர், உடல், நினைவு ஆகியவற்றுக்கிடையே பெருநகரம் நிகழ்த்தும் மௌன உரையாடலின் மீதான விசாரணை"யாகிவிடும். இந்த உபநிஷத்தை ஆங்கிலத்தில் இயற்றித் தருகிறவன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் கணிப்பொறி வேலை பார்க்கும் அவருடைய தமக்கை மகன். அவனுக்குக் குடமும் தெரியாது, விசாரணையும் தெரியாது. ஆகவே வாக்கியம் தங்கு தடையின்றி வருகிறது. சிபாரிசுக் கடிதத்தை ஓவியர் தாமே எழுதிக்கொண்டு போய், தமக்கு ஒரு காலத்தில் கோடிழுக்கச் சொல்லிக் கொடுத்த முதிய ஆசிரியரிடம் நீட்டுவார். ஆசிரியர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் படித்துவிட்டு, "ரொம்பப் பெரிய ஆளா இருப்பான் போலிருக்கே, யாருப்பா இவன்?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.

அழைப்பு வந்துவிட்டால் அடுத்தது விசா. வங்கிக் கணக்கில் ஆறு மாதமாய்ப் பணம் நடமாடியிருக்க வேண்டுமென்ற நிபந்தனையைப் பார்த்த பிறகுதான், தம் கணக்கில் அப்படி எதுவும் நடமாடவில்லையென்ற உண்மை ஓவியருக்குப் புலனாகும். மைத்துனர் ஒரு தொகையைக் காட்டுவதற்காகப் போட்டு, எடுக்கிற தேதியையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்வார். அதிகாரி கேட்கும் முக்கியமான கேள்வி, "திரும்பி வருவீர்களா?" என்பது; அதையே முந்தின இரவு சகதர்மிணியும் வேறு தொனியில் கேட்டிருப்பாராதலால் பதில் தயாராக இருக்கும்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு நம் பேட்டையிலிருந்து ஒரு சௌகரியம் உண்டு. கான்சுலேட்டுக்கு நடந்தே போய்விடலாம். கான்சுலேட்டுக்குப் பக்கத்து மேம்பாலத்துக்கு ஜெமினி என்ற பெயர் நிலைக்கக் காரணமான ஸ்டுடியோவில் 1966 வரை உத்தியோகம் பார்த்த அசோகமித்திரன், மேம்பாலம் திறக்கப்பட்ட அதே 1973-ல் அயோவா சர்வகலாசாலையின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு அழைக்கப்பட்டுப் போனார். பல தேசத்து எழுத்தாளர்களை ஒரே கூரையின் கீழ் வைத்தால் என்னென்ன ஆகுமென்பதை 'ஒற்றன்!' என்ற நாவலாக்கி, ஊர் சுற்றியதைத் தமிழுக்கு லாபமாக்கினார். நமது ஓவியர் அந்த நாவலைப் படித்ததில்லை. மேற்கோள் மட்டும் காட்டுவார்.

போய்ச் சேர்ந்த இடம் ஐரோப்பாவில் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் ஆனந்தம். சிலிண்டர்க்காரர் மணியடிக்கவில்லை, ஆடி மாதத்து ஒலிபெருக்கி இல்லை, மேல் வீட்டில் யாரும் உரலை நகர்த்தவில்லை. நான்காம் நாள் காலை, பெரிய வெள்ளைச் சுவருக்கு முன்னால் தூரிகையோடு நின்றபோது, இத்தனை வருஷமும் தம் கலைக்கு இடையூறு என்று எண்ணியிருந்த யாவும் உண்மையில் தமக்குத் துணையாக நின்று சாட்சி சொல்லி வந்தவை என்பதும், இப்போது படம் வராததற்குக் குற்றம் சாட்ட அந்தத் தேசத்தில் ஒருவர்கூட மிச்சமில்லை என்பதும் அவருக்கு ஒருங்கே விளங்கின. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். ஒரு கோப்பைக் காப்பியின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தவர், அப்புறம் காப்பிக் கடைப் பக்கம் போகவில்லை. குளிரோ சொல்லி முடியாது. படுக்கையின் மேல் இறுகச் செருகியிருந்த கம்பளிக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டுமென்பதை யாரும் சொல்லாததால், அதன் மேலேயே மேல்கோட்டைப் போர்த்துக்கொண்டு நடுங்கினார். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. 1914-ல் கேம்பிரிட்ஜுக்குப் போன கணித மேதை ராமானுஜனும் இதே பிழையைச் செய்து, நண்பர் மகலனோபிஸ் வந்து கம்பளியை விலக்கிக் காட்டிய பிறகே கதகதப்பாக உறங்கினாராம்.

அவருக்கு அங்கே கீர்த்தி தேடிக் கொடுத்தது சித்திரமன்று, ரசம். பொதுச் சமையலறையில் ஒரு நாள் கடுகும் மிளகாயும் பெருங்காயமும் தாளித்ததில் புகை அலாரம் அலறி, சகல தேசத்துக் கலைஞர்களும் போர்வையோடு பனியில் போய் நின்றார்கள். காரணத்தை விசாரித்து அறிந்தவர்கள், காரணத்தைச் சுவைத்தும் பார்த்தார்கள். ஸ்டுடியோக்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கும் தினத்தன்று குடங்களின் முன்னால் ஒரு நிமிஷமும், ரசப் பாத்திரத்தின் முன்னால் கால் மணியும் ஜனங்கள் நின்றார்கள். ஒரு விமர்சகர் ரசத்தையே ஒரு நிகழ்த்துகலை என்று குறிப்பெடுத்துக்கொண்டார். ஆயினும், அன்று மாலை கூட்டம் கலைந்த பிறகு, ஊன்றுகோலோடு வந்த ஒரு மூதாட்டி வாய் உடைந்த அந்த நீலக் குடத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, விலையும் கேட்காமல், அர்த்தமும் கேட்காமல், விளக்கணைக்கும் வரை பார்த்துவிட்டுப் போனாள். இதை அவர் எந்த மேடையிலும் சொல்வதில்லை. என்னிடம் ஒரு தரம் சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். குடிக்காமல் விட்ட காப்பிகளெல்லாம் மகளுடைய கல்லூரிக் கட்டணமாயின என்பதையும் அவர் சொல்வதில்லை. அது அவர் வீட்டம்மாள் சொல்லித் தெரிந்தது.

திரும்பி வந்த புதிதில் அவரைக் காண்பது கண்கொள்ளாக் காட்சி. சித்திரை வெயிலில் கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை. எதைச் சொன்னாலும் "அங்கேயெல்லாம்" என்ற ஒரு பீடிகை. அண்ணா சாலை சிக்னலில் பச்சை மனிதன் தோன்றும் வரை நகர மாட்டேனென்று அவர் ஒருவர் மாத்திரம் நிற்க, இருபுறமும் உலகம் கடந்து போய்க்கொண்டிருக்கும். மூன்று வாரத்தில் சால்வை ஜன்னல் துடைக்கப் போய்விடும். பச்சை மனிதனும் மறந்துவிடுவான். குளிர்பெட்டியின் மேல் ஒட்டிய காந்தப் பொம்மை மட்டும் நிலைத்து நிற்கும்.

இப்பருவத்தில்தான் இளம் ஓவியர்கள் அவரைத் தேடி வருவார்கள். "அண்ணே, அதுக்கு எப்படிண்ணே அப்ளை பண்றது?" என்று ஒரு பிள்ளை கேட்டால், ஓவியர் டீக்கடைப் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, சோழமண்டலத்தின் சரித்திரத்தைத் தொடங்குவார். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணாக்கர்களும் எந்தப் பிரபுவையும் எதிர்பாராமல், பாத்திக் துணி செய்து விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கத்து மணலை வாங்கித் தாங்களே ஒரு கலைக் கிராமத்தை எழுப்பியதை அவர் வர்ணித்தால் கேட்பவருக்குக் கண் கலங்கும். "நம்ம இடத்தை நாமதான் உண்டாக்கணும், தம்பி. வெளியில போய் என்ன இருக்கு? வெறும் குளிரு!" என்று முடிப்பார். பிள்ளை உணர்ச்சிவசப்பட்டு வீட்டுக்குப் போன பிறகுதான், கடைசித் தேதியைக் கேட்க மறந்துவிட்டது அவனுக்கு நினைவு வரும்.

இதை அற்பத்தனம் என்று நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது. கரிகாலனுடைய அடுக்களையில் எத்தனை பொருநர் வந்தாலும் ஊன் குறையவில்லை; வழி சொன்னவனுக்கு நஷ்டம் ஏதும் கிடையாது. இக்காலத்துப் புரவலர்களோ ஆசியாக் கண்டம் முழுவதற்கும் சேர்த்து இரண்டே இடம் என்று வரையறை வைத்திருக்கிறார்கள். அந்த வரையறை அன்றிருந்தால் பொருநராற்றுப்படையின் கதாநாயகனும் எதிரே வந்தவனைப் பார்த்து, "சோழ நாட்டுப் பக்கம் ஒரே காய்ச்சலாம்" என்றுதான் சொல்லியிருப்பான். தாராளம் என்பது கொடுப்பவனுடைய அடுக்களையைப் பொறுத்தது.

இருந்தும் போன தை மாதத்தில் நமது ஓவியர் ஓர் இளைஞனுக்கு வழி சொல்லியே விட்டார். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நள்ளிரவோடு முடிந்துவிட்டதென்று கடிகாரத்தைப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு, பன்னிரண்டேகால் மணிக்கு அவனைத் தொலைபேசியில் அழைத்து, ஸ்தாபனத்தின் பெயர், விலாசம், விண்ணப்பத்தில் எழுத வேண்டியது, எழுதக் கூடாதது, எந்தக் காலுறை தாங்கும் என்பது வரை பரிபூரணமாகச் சொன்னார். ஒரு பிள்ளைக்கு உபகாரம் செய்த திருப்தியோடு உறங்கினார். அந்தத் தேசத்தின் கடிகாரம் நம்முடையதற்கு நாலரை மணி பின்னால் ஓடுகிறதென்பது, மூன்று மாதம் அங்கே இருந்த அவருக்கு அந்த வேளையில் தோன்றவில்லை. பையனுக்குத் தோன்றியது. விடியுமுன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பங்குனியில் அழைப்பு வந்தது.

வழியனுப்பு விழாவில் நமது ஓவியர்தான் தலைமை. தாம் பெற்ற வளத்தைப் பிறரும் பெறச் செய்வது தமிழ்க் கலைஞனின் ஆதி தர்மம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சில் ஆற்றுப்படை ஐந்தும் வந்தன. பிறகு பையனைத் தனியே அழைத்துக்கொண்டு போய், கம்பளிக்கு உள்ளே நுழைந்து படுக்கும் ரகசியத்தையும் கற்றுக் கொடுத்துவிட்டு, அவன் தோளில் கை போட்டு, "அங்க அடுத்த வருஷத்துக்கு ஆள் எடுக்கறப்ப என் பேரைச் சொல்லிவை, தம்பி. தேதியும் சொல்லு. ஆனா இங்க வேற யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.