ஜவ்வுக்கறி மென்மையுறும் முறைமையும் விசில் எண்ணிக்கைச் சிக்கலும்: ஓர் ஆய்வு

மாட்டுக்கறியில் விலை குறைந்த பகுதிகளான கழுத்து, நெஞ்செலும்பு, முழங்கால் சதை, வால் ஆகியவற்றை எத்தனை விசிலுக்கு வேகவைக்க வேண்டும் என்பது, கடலூர் மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கம் முதலிய ஊர்களின் அடுக்களைகளில் முடிவு காணப்படாத அறிவுப் பூசலாகும். இதில் ஐந்து விசில் மரபு, எட்டு விசில் மரபு என இரண்டு உண்டு. இரண்டும் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதால் பூசல் ஞாயிறுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

சிக்கலின் வேர் சட்டத்தில் உள்ளது. 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயது கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடுகளையும் நிரந்தரமாக முடங்கியவற்றையும் மட்டுமே அறுக்கச் சான்று வழங்குகிறது. வயது ஏற ஏற, தசையைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் புரத இழைகள் தமக்குள் இறுகிப் பிணைந்துகொள்கின்றன. கறிக்கடையில் ஜவ்வு எனப்படுவதில் பெரும்பகுதி இதுவே. ஆகவே அது கடிபடாமல் இழுபடும்போது பழியைச் சமைத்தவர்மீது மட்டும் சுமத்துவது ஆய்வு நெறியாகாது.

கொலாஜன் நீருடன் நெடுநேரம் சூடுபட்டால் ஜெலட்டினாக, அதாவது குழம்புக்கு வழவழப்பூட்டும் கூழ்மமாகக் கரைகிறது. திறந்த சட்டியில் ஏறத்தாழ 100 பாகை செல்சியசுக்கு மேல் ஏறாத வெப்பம், குக்கரில் 120 பாகையை எட்டுவதால் காத்திருப்பு குறைகிறது. 1679இல் பிரெஞ்சு அறிஞர் தெனி பாப்பன் அழுத்தக் கலத்தை உருவாக்கியதே எலும்பை மென்மையாக்கத்தான் என்பதும், 1962 முதல் இதே மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரித்து அழுத்த நீராவியால் மின்சாரம் எடுக்கப்படுகிறது என்பதும், வால் குழம்பு வைப்போர் தம் தொழில்நுட்ப மரபைக் குறைத்து மதிப்பிடலாகாது என்பதற்குச் சான்றுகள்.

எனினும் விசில் கால அளவன்று. அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தால் எட்டு விசிலும் விரைந்து முடியும். சிறுதீயில் ஒரு விசிலே அரிதாகும். அழுத்தம் மிகுந்ததை மட்டும் அறிவிக்கும் கருவியைக் கடிகாரமாகக் கொண்டதே இரு மரபுகளுக்கும் பொதுவான பிழை. கொட்டாங்குச்சித் துண்டைப் போட்டால் கறி விரைவில் வேகும் என்னும் மூன்றாம் மரபினரின் வெற்றிக்கும், அதைப் போட்டபின் அவர்கள் காட்டும் பொறுமையே காரணமாதல் கூடும். பப்பாளிக்காய் விழுதுக்கோ வேதியியல் அடிப்படை உண்டு. அதிலுள்ள பப்பைன் புரதத்தைச் சிதைக்கும். ஆயின் கொதிநிலையில் அது செயலிழக்கும் என்பதால் விழுதை அடுப்பேற்றும் முன்பே, அரை மணி நேரம் பிசறி வைத்தல் வேண்டும்.

முடிபு: முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து முப்பது நிமிடம் வேகவிடுக, அழுத்தம் தானே அடங்கியபின் திறந்து, இன்னும் இழுபட்டால் பத்து நிமிடம் கூட்டுக. விசிலை எண்ணியே தீருவேன் என்பார் எண்ணிக்கொள்ளலாம். அதனால் கறிக்குக் கேடில்லை.