ரெண்டு பகல், ஒரு ராத்திரி, ஒரு ஆறு

(திருநெல்வேலி டவுனிலிருந்து குறுக்குத்துறைக்குப் போகும் ரோட்டில் ஒரு வீட்டு வராண்டா. மாமா, பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அணைக்கட்டு ஷட்டர்களை ஏற்றி இறக்கியே ஆயுளைக் கழித்தவர். மருமகன், சென்னையில் சுற்றுலா கம்பெனி தொடங்கியிருப்பவர், மடியில் லேப்டாப். முதல் பேக்கேஜுக்குச் சொந்த ஊரையே தேர்ந்தெடுத்திருக்கிறார்.)

மருமகன்: மாமா, ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. பேக்கேஜுக்குப் பேரு ‘நெல்லை எஸ்கேப்’. ரெண்டு பகல், ஒரு ராத்திரி. வர்றவங்க எதைப் பார்க்கணும், வெட்டவெளியில என்னென்ன செய்யணும்னு லிஸ்ட் போட்டிருக்கேன். நீங்க ஒரு பார்வை பார்த்துச் சொன்னா போதும்.

மாமா: எஸ்கேப்பா? அத நீங்கல்லாம் காலேஜ் முடிச்ச அன்னைக்கே பண்ணிட்டியளே. சரி, வாசி.

மருமகன்: முதல் நாள் காலை, குற்றாலம்.

மாமா: அழி. குத்தாலம் தென்காசி மாவட்டம். 2019 நவம்பர்ல பிரிச்சாச்சு.

மருமகன்: சாயங்காலம் திருச்செந்தூர் கடற்கரை.

மாமா: அது 1986லயே தூத்துக்குடிக்குப் போயிட்டு.

மருமகன்: ஆதிச்சநல்லூர்?

மாமா: அதுவும் அங்கதான். பாகம் பிரிக்கையில தம்பிமாருக்கெல்லாம் அண்டா, குத்துவிளக்குன்னு ஒவ்வொண்ணாத் தூக்கிக் குடுத்தாச்சுல்லா. மூத்தவன் கையில மிஞ்சினது பேரு மட்டும்தான். பேரைப் பாத்துட்டு வந்து எறங்குதவன், ‘எங்கய்யா அருவி’ன்னு ஜங்ஷன்ல நின்னு கேக்கான். ‘பஸ் ஏறு’ங்கோம். ‘எங்கய்யா கடல்’ங்கான். ‘எதுத்த பஸ்ல ஏறு’ங்கோம்.

மருமகன்: அப்போ ஊருக்குள்ளயே வச்சுக்குவோம். நெல்லையப்பர் கோயில், மத்தியானம் ரெண்டு மணி. யானைகிட்ட ஆசீர்வாதம், அப்புறம் இசைத்தூண்.

மாமா: ரெண்டு மணிக்கு நடை சாத்தியிருக்கும். சாமியும் எங்கள மாதிரிதான், மத்தியானம் கொஞ்சம் தலைசாய்ப்பாரு. காந்திமதி யானை 2025 ஜனவரியில போய்ச் சேர்ந்துட்டு. நான் காத்து வாங்கப் போனாலும் தும்பிக்கையத் தூக்கும். இனிமே ஆசீர்வாதம் வேணும்னா என்கிட்ட வாங்கிக்கிடச் சொல்லு.

மருமகன்: இசைத்தூண் இருக்குல்ல?

மாமா: அத யாரும் பிரிச்சுக்கிட்டுப் போவல. வாரவன் எல்லாம் விரலால தட்டுதான், காத வச்சுக் கேக்கான், சங்கீத வித்துவான் மாதிரி தலையாட்டுதான். ஒரே கல்லுல சுத்திச் சுத்திச் சின்னத் தூணாச் செதுக்கி, ஒவ்வொண்ணுலயும் ஒரு சத்தத்த அடைச்சு வச்ச ஆசாரி யாருன்னு ஒருத்தனும் கேக்கதில்ல. உள்ள தாமிரசபை இருக்கு. நடராசரோட அஞ்சு சபையில ஒண்ணு. அங்க செத்த நேரம் சும்மா உக்காரச் சொல்லு.

மருமகன்: சும்மா உட்கார்றதை எப்படி மாமா விக்கிறது? ஒரு ஆக்டிவிட்டி வேணும்.

மாமா: ஆக்டிவிட்டிதான வேணும்? ஆனி மாசம் கூட்டிட்டு வா, தேர இழுக்கட்டும். உங்க ஆபீஸ்ல ஒத்துமைய வளக்கேன்னு கயிறு இழுக்குத போட்டி வப்பாவளாமே! இங்க நாலு ரத வீதியிலயும் ஊரே சேர்ந்து இழுக்கும். 2024ல வடம் ஒண்ணு மாத்தி ஒண்ணு அறுந்து, தேரு அங்கனயே நின்னுட்டு. அறுந்த வடத்தப் பிடிச்சிக்கிட்டு வெயில்ல நிக்கதுக்கு எந்தக் கம்பெனியும் டிக்கெட் போட முடியாது.

மருமகன்: (டைப் அடித்துக்கொண்டே) ‘ஹெரிட்டேஜ் டீம் பில்டிங்’. நல்லா இருக்கு. அடுத்தது ஈரடுக்கு மேம்பாலம். இந்தியாவிலேயே முதல் ஈரடுக்கு மேம்பாலம்னு சொல்றாங்க, 1973. இதை ‘டபுள் டெக்கர் எக்ஸ்பீரியன்ஸ்’னு போட்டிருக்கேன்.

மாமா: கீழ்த்தட்டுல சைக்கிள மிதிச்சுக்கிட்டுத்தாம்ல நான் ஆபீஸுக்குப் போனேன். மேல பஸ்ஸு, அடியில ரயிலு, நடுவுல நானு. எக்ஸ்பீரியன்ஸுன்னு அப்பமே யாராவது சொல்லியிருந்தா கொஞ்சம் அனுபவிச்சு மிதிச்சிருப்பேன்.

மருமகன்: சுலோசன முதலியார் பாலம்?

மாமா: அத அழிக்காத. 1843. கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா இருந்த மனுஷன், சொந்தப் பணத்தப் போட்டுக் கட்டுனாரு. லண்டன் வாட்டர்லூ பாலத்தப் பாத்து எடுத்த மாதிரி.

மருமகன்: சொந்தப் பணத்தையா? அப்போ அவர்தான் ஸ்பான்சர்! லோகோ எங்க வச்சிருந்தார்?

மாமா: பாலத்துக்கே அவரு பேருதானல. இப்பம் நாலு பெஞ்சு போட்டா நாப்பதடிக்குப் பேனர் வைக்கான். அந்த மனுஷன் ஆத்தையே தாண்ட வச்சிட்டு, ஒரு கல்வெட்டோட போயிட்டாரு.

மருமகன்: பாலத்துக்குக் கிட்ட, கொக்கிரகுளம் கரையில செல்ஃபி பாயிண்ட் ஒண்ணு. ‘ஐ லவ் நெல்லை’ன்னு இதயம் போட்டு, பெரிய எழுத்துல.

மாமா: அந்தக் கரையிலயா?

மருமகன்: ஏன், வெளிச்சம் நல்லா விழும் மாமா.

மாமா: 1999 ஜூலை 23. மாஞ்சோலை எஸ்டேட் சனங்க கலெக்டர்கிட்ட மனு குடுக்க ஊர்வலமா வந்தாவ. போலீஸ் தடியடி. தப்பிக்க ஆத்துக்குள்ள எறங்குனவங்கள்ல 17 பேரு செத்தாவ. அந்த இடம்தாம்ல அது. இதயத்த வேற எங்கயாவது வையி.

மருமகன்: (சற்று நேரம் திரையைப் பார்த்துவிட்டு) அதை எடுத்துடறேன். மாஞ்சோலைன்னதும் ஞாபகம் வந்துச்சு. ராத்திரி தங்கல் அங்கதான். டீ எஸ்டேட் பங்களா, பனி, கேம்ப் ஃபயர்.

மாமா: சிங்கம்பட்டி ஜமீன் 1929ல 99 வருஷக் குத்தகைக்குக் கம்பெனிக்கு விட்ட காடு அது. குத்தகை முடியதுக்கு முந்தியே, 2024ல வேலையாட்கள எறங்கச் சொல்லியாச்சு. தலைமுறை தலைமுறையா கொழுந்து பறிச்சவனுக்கே அங்க எடமில்ல. நீ உன் விருந்தாளிக்கு அட்டாச்டு பாத்ரூமோட ரூம் கேக்க. அதோட புலிகள் காப்பகம் மருமவனே. நெருப்புப் போடணும்னா புலிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ.

மருமகன்: என்ன மாமா, எதைத் தொட்டாலும் இப்படியே சொல்றீங்க! பாபநாசமாவது நம்ம மாவட்டம்தானே?

மாமா: நம்மதுதான். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. ராத்திரி தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அணை மட்டம் சொல்லுவேன். அகஸ்தியர் அருவியில தண்ணி வத்தாது. ஆனா ஒண்ணு. கீழ படித்துறையில பரிகாரம்னு வாரவன் ஒரு முங்கு முங்கிட்டு, கட்டுன வேட்டியையும் ஆத்தோட விட்டுட்டுப் போறான். பாவம் கரையுதோ என்னமோ, பாலியஸ்டர் கரைய மாட்டேங்கு. கல்லு இடுக்குல சேலையும் வேட்டியும் மூட்டை மூட்டையாக் கெடக்கு. தன்னார்வமா பயலுவ வந்து அள்ளுதானுவ. ஒருத்தன் தொலச்ச பாவத்த இன்னொருத்தன் முதுகுல சுமக்கான்.

மருமகன்: ‘கிளீன் அப் டூரிசம்’! வெளிநாட்டுல காசு குடுத்து வந்து அள்ளுவாங்க மாமா.

மாமா: வரச் சொல்லு. வரும்போது எதையும் கொண்டு வராண்டாம்னு மட்டும் சொல்லிரு.

மருமகன்: பக்கத்துல கேரளா இருக்கு. அங்கிருந்து விருந்தாளிகளை இழுக்கலாம்னு ஒரு திட்டம்.

மாமா: ஏற்கெனவே வந்தாச்சே! 2024 டிசம்பர்ல, லாரி லாரியா. நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கமாத் தங்கல். ஊசி, கையுறை, ஆஸ்பத்திரிக் கழிவு. ரூம் வாடகையும் தரல. கடைசியில பசுமைத் தீர்ப்பாயம் சத்தம் போட்டு, வந்த வழியே லாரி வச்சுத் திருப்பி ஏத்திவிட்டுது. ஊருக்கு வந்த விருந்தாளிய அதிகாரிங்க கூடவே நின்னு வழியனுப்புனது அந்த ஒரு தடவதான்.

மருமகன்: சரி, ஆத்துக்கு வருவோம். கயாக்கிங். குறுக்குத்துறையில ஏறி, வண்ணார்பேட்டையில இறங்குறாங்க. துடுப்பு, லைஃப் ஜாக்கெட், ட்ரோன் வீடியோ.

மாமா: போற வழியில அமலைச் செடி. அதுக்குள்ள மாட்டுனா ட்ரோன்தான் வந்து எடுக்கணும். அதத் தாண்டுனா ஓடை. ஊருக்குள்ள இருந்து வார சாக்கடைத் தண்ணி, எந்த ஸ்டேஷன்லயும் நிக்காத ரயில் மாதிரி நேரா ஆத்துல வந்து எறங்குது. 2024 நவம்பர்ல ஹைகோர்ட் நீதிபதிங்க ரெண்டு பேரு நேர்ல வந்து கரை கரையா நடந்து பாத்தாவ. இந்த ஆத்துக்கு வந்த சுற்றுலாப் பயணியிலேயே பெரிய கை அவங்கதான். அவங்களும் செல்ஃபி எடுக்கல.

மருமகன்: அப்போ கால்வாய்? பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய். பேரே எவ்வளவு நல்லா இருக்கு! வெனிஸ் மாதிரி படகு விட்டா...

மாமா: பாளையங்கால்வாயில படகா? மேலப்பாளையம் தாண்டுறதுக்குள்ள உன் படகு மெத்தையில மோதும், சோபாவுல மோதும். ஊரு தூக்கிப் போட்ட பர்னிச்சர் பூரா அங்கதான் மெதக்கு. பழவூர் அணைக்கட்டுல நான் ஷட்டரத் தெறந்து விட்ட தண்ணி, கண்ணாடி மாதிரி போவும். ஊருக்குள்ள நுழைஞ்சு அது வெளிய வரயில என் தண்ணிதானான்னு எனக்கே அடையாளம் தெரியாது. எட்டு அணைக்கட்டு இந்த ஆத்துல. ஒவ்வொண்ணும் ஒரு ஊருக்குச் சோறு போட்டது. இப்பம் ஊரு அதுக்குக் குப்ப போடுது. படகு வேணும்னா ஐப்பசி, கார்த்திகையில வா. குளத்துல கட்டுன பஸ் ஸ்டாண்டு இருக்கு, வேய்ந்தான்குளம். நல்ல மழ பேஞ்சா பஸ்ஸே படகுதான்.

மருமகன்: பறவைகள்? கூந்தன்குளம். ராத்திரி கூடாரம், லைவ் மியூசிக்.

மாமா: கோட்டிக்காரப் பய. அந்த ஊருக்காரன் தீபாவளிக்கே வெடி போட மாட்டான், தெரியுமா? நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முத்தத்து மரத்துலேயே கூடு கட்டியிருக்கும். குஞ்சு கீழ விழுந்தா எடுத்து வளக்கவன் இருக்கான். பறவை எச்சம் விழுந்த குளத்துத் தண்ணி வயலுக்கு உரம்னு, வாசல்ல நாத்தமடிச்சாலும் சகிச்சுக்கிட்டு இருக்கான். பிள்ளைங்க கையில ஒரு மத்தாப்பு குடுக்க யோசிக்கவன் வீட்டு வாசல்ல நீ ஸ்பீக்கர் கட்டப் போற.

மருமகன்: (பெருமூச்சோடு) இருட்டுக்கடை அல்வா. அதுலயாவது ஒண்ணும் சொல்லிடாதீங்க.

மாமா: அதுல என்ன சொல்ல! கீழ ரத வீதி, கோயிலுக்கு எதுக்க, சாயங்காலமாத்தான் தெறப்பான். வெட்டவெளி ஆக்டிவிட்டின்னா இந்த ஊர்ல அதுதாம்ல. வரிசையில நிக்கணும், முட்டணும், முன்னால நிக்கவன் கால மிதிக்கணும், கடைசியில இலையில வாங்கி ரோட்டுல நின்னே நெய் வழிய முழுங்கணும். டிரெக்கிங் போயிட்டு வந்தவன விட அல்வா வாங்கிட்டு வந்தவனுக்கு வேர்வை ஜாஸ்தி.

மருமகன்: அப்போ மொத்தத்துல என் லிஸ்ட்ல மிஞ்சினது, ஒரு கியூ, ஒரு பாலம், சாத்தின கோயில்.

மாமா: முக்கியமானத விட்டுட்டியே. ஆத்துல குளிக்கது. வெளியூர்க்காரன் எதுக்கு வாரான்? ஒரு முங்கு போடத்தான். 2018 புஷ்கரத்துக்கு 144 வருஷத்துக்கு ஒருக்கன்னு சொல்லி எத்தன சனம் வந்துச்சு! கோடையிலயும் ஓடுத ஆறு தமிழ்நாட்டுல எத்தன இருக்கு? மலையில பொறந்து நம்ம மாவட்டத்துலயே கடல்ல சேருத ஆறுன்னு பேசிக்கிட்டுத் திரிஞ்சோம். இப்பம் கடைசிப் பாதிய தூத்துக்குடிக்குக் குடுத்தாச்சு, இருக்கட்டும். காலைல அஞ்சு மணிக்குக் குறுக்குத்துறைக்குப் போ. ஆத்துக்குள்ளேயே நிக்கு முருகன் கோயிலு. வெள்ளம் வந்தா உற்சவர மட்டும் மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருவாவ. மூலவரு தண்ணிக்குள்ளேயே இருப்பாரு. வெள்ளம் வடிஞ்சதும் சேற வழிச்சுத் தள்ளிட்டு அன்னைக்கே பூஜை. இடுப்பளவு தண்ணியில நின்னு அந்தக் கல்லப் பாரு. பொதிகையில இருந்து வார தண்ணி முதுகுல படும்போது ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கும் பாரு!

மருமகன்: மாமா, சூப்பர்! இதை அப்படியே வீடியோ எடுத்துடலாம். நாளைக்குக் காலைல அஞ்சு மணி, நீங்க தண்ணியில இறங்கறீங்க, நான் கரையில கேமராவோட.

மாமா: நானா?

மருமகன்: நீங்கதான். ஒரிஜினல் ஆள். கடைசியா எப்போ ஆத்துல குளிச்சீங்க?

மாமா: அது... முட்டுவலிலா. படியில பாசி வேற. வீட்டுல போர் போட்டாச்சு, உங்க அத்தை கெய்சர் வேற மாட்டச் சொல்லிட்டா. பிள்ளையள நாங்க இப்பம் ஆத்துக்கு விடுகதில்ல. சொறி வருதுன்னு டாக்டர் சொல்லுதாரு.

மருமகன்: அப்போ உள்ளூர்க்காரங்க யாரும் குளிக்கிறதில்லை. வெளியூர்க்காரன் மட்டும் குளிக்கணும்.

மாமா: புண்ணியம் அவனுக்குத்தானல வேணும். நமக்குத்தான் பொறந்தப்பமே சேர்ந்துட்டே.

(வாசலில் சின்ன லாரியின் ஹாரன். ஒருவன் தோளில் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வராண்டாவில் ஏறுகிறான். ‘அண்ணாச்சி, ரெண்டு கேன் சொன்னிய’ என்கிறான். மாமா சட்டைப் பையைத் தடவுகிறார்.)

மருமகன்: மாமா! பாபநாசம் தண்ணியைத் திறந்துவிட்ட லஸ்கர் வீட்டுக்கு கேன் தண்ணியா?

மாமா: கூவாதல. நாங்க கொதிக்க வச்சுத்தான் குடிக்கோம். இது உனக்கு வாங்குனது, நீ விருந்தாளில்லா.