முதுகை அளக்காமல் மூட்டை வாங்குவோர்

தைப்பூசத்துக்குத் திருச்சியிலிருந்து பழனிக்கு நடப்பவர்கள் மணப்பாறை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர் போகிறார்கள். தோளில் ஒரு துணிப்பை. உள்ளே மாற்று வேட்டி, துண்டு, போர்வை. சோற்றை அன்னதானப் பந்தல்கள் பார்த்துக்கொள்ளும். ‘எடை குறைந்த பயணம்’ என்று இன்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்களே, அது இதுதான்.

ஸ்ரீரங்கத்துப் புது மலையேறிகளோ லிட்டரில் யோசிப்பவர்கள். பச்சைமலையில் இரண்டு இரவுக்கு 70 லிட்டர் பை! காலியாகவே இரண்டு கிலோ இருக்கும். இடம் இருக்கிறதே என்று அம்மா புளியோதரைத் தூக்கை வைப்பார். அப்பா தலையணையைத் திணிப்பார். அத்தை, எதற்கும் இருக்கட்டும் என்று குக்கரை நீட்டுவார்.

அளக்க வேண்டியது பையை அல்ல, முதுகை: குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை. ஆறடி ஆளுக்கும் குட்டை முதுகு இருக்கலாம். சுமையின் பெரும்பங்கை இடுப்புப் பட்டை தாங்க வேண்டும். தோள்வார், பை பின்னால் சாயாமல் பிடித்தால் போதும். மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது. இரண்டு இரவுக்கு 40 லிட்டரே தாராளம்.

காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்த்தால் எல்லோருமே டென்சிங்தான். வீட்டார் கொடுத்ததையெல்லாம் போட்டுக்கொண்டு மலைக்கோட்டையின் 400 சொச்சம் படிகளை ஏறிப் பாருங்கள். உச்சிப்பிள்ளையாரை எட்டுமுன் தோள் முனகினால் கடைக்காரரைத் திட்டாதீர்கள். முதலில் குக்கரை இறக்குங்கள்.