பள்ளம் பார்க்கும் அண்ணாச்சி

அண்ணாச்சிக்கு மேடு என்று ஒன்று கண்ணில் பட்டதே இல்லை. திருநெல்வேலிக்கு மேற்கே எக்ஸெல்லில் போய்க்கொண்டே இருப்பவர் சட்டென்று ஓரங்கட்டுவார். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வரப்பில் ஏறி நின்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். "ரெண்டடி தாழ்ந்து கெடக்கு." முடிந்தது. அன்று ராத்திரிக்குள் அந்த நிலத்துக்காரருக்குப் போன் போய்விடும், அவர் தாம்பரத்தில் இருந்தாலும் சரி, ஷார்ஜாவில் இருந்தாலும் சரி.

நம்பர் எப்படிக் கிடைத்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. பட்டா யார் பேரில் இருக்கிறது, பங்காளித் தகராறு எந்தக் கோர்ட்டில் நிற்கிறது, அமெரிக்காவுக்குப் போன மகன் திரும்பி வருவானா மாட்டானா, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"அண்ணாச்சி, ஒங்க எடம் சும்மாதானே கெடக்கு?"

இதை அவர் கேட்கிற பக்குவம் இருக்கிறதே! படித்து முடித்து வேலை கிடைக்காமல் இருக்கும் பையனைப் பற்றி விசாரிக்கிற சித்தப்பாவின் குரல் அது. நமக்கே கூச்சமாகிவிடும். தாத்தா காலத்தில் எள்ளும் உளுந்தும் போட்டார்கள், இப்போது யார் இருக்கிறார்கள் என்று இழுப்போம்.

"அதான் சொல்லுதேன். மழை பேஞ்சா தண்ணி கெட்டுது. நாளைக்கு பிளாட் போடணும்னா மண்ணு அடிக்கவே லச்சக்கணக்குல ஆவும். நான் மேடாக்கித் தாரேன். ஒங்களுக்குப் பைசா செலவு கெடையாது."

முதல் லோடு அசல் செம்மண்ணாகவே வரும். அதைக் கொட்டும்போது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அடுத்த லோடிலிருந்து போட்டோ வராது. இடித்த வீட்டுச் செங்கல், உடைந்த டைல்ஸ், பாதி வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் இறங்கும். கேட்டால், "செங்கல எதுல செய்யுதான்? மண்ணுலதானே?" கோழிக்கடைக் கழிவு வந்தால் அது உரம். கிழிந்த மெத்தையும் தெர்மாகோலும் வந்தால், "மழைக்கு அமுங்கிரும்." ராத்திரி இரண்டு மணிக்கு ஏன் கொட்ட வேண்டும்? "பகல்ல தூசி பறக்கும் அண்ணாச்சி. பக்கத்துக் காட்டுல வேல செய்யுதவங்களுக்கு இடைஞ்சல்லா?" பொதுநலத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

சும்மா கிடப்பது எதையுமே அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. புளியரை வழியாக மேற்கே கேரளத்துக்குக் காய்கறியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகிற லாரிகள் திரும்பும்போது காலியாக வருகின்றன அல்லவா? "வண்டி சும்மாதானே வருது?" அந்தப் பக்கம் கழிவை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மருத்துவக் கழிவு என்றால் 2016-ஆம் ஆண்டு விதிப்படி மஞ்சள் பை, சிவப்புப் பை என்று பிரிக்க வேண்டும், பார்கோடு ஒட்ட வேண்டும், ரத்தக்கறை படிந்ததைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு முறைப்படி அனுப்பினால் காசு. மலையைத் தாண்டி நம் நிலத்தில் தட்டினால் லாரி வாடகையும் கமிஷனும்தான். நடுவில் மிச்சமாகிற தொகையில் அண்ணாச்சியின் அடுப்பு எரிகிறது.

2024 டிசம்பரில் குட்டு உடைந்தது. நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர்ப் பக்கம் சிரிஞ்சும் கையுறையும் மருந்துப் பாட்டிலுமாகக் குவிந்து கிடந்தன. நோயாளிகளின் சீட்டுகளும் கூடவே கிடந்ததால் திருவனந்தபுரத்துச் சரக்கு என்று ஊருக்கே தெரிந்துபோனது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கேரளமே வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றது. அந்த மாதமே அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிப் போனார்கள்.

அன்றைக்கு டீக்கடையில் பேப்பரைப் பார்த்துக் கொதித்த முதல் ஆள் நம் அண்ணாச்சிதான். "நம்ம மண்ண என்னன்னு நெனச்சானுவ!" என்று பெஞ்சைத் தட்டினார். கிளாஸ் காலியானதும் குரலைத் தாழ்த்தி, "தட்டுனவனுக்கு வெவரம் பத்தல. மேல ஒரு நடை கிராவல் அடிச்சிருக்கணும்" என்றார்.

மனுஷன் கெட்டவர் என்றும் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் பெரியம்மா இறந்தபோது ஐஸ் பெட்டியிலிருந்து பந்தல் வரைக்கும் ஓடி ஓடிப் பார்த்தவர் அவர்தான். சொந்தக்காரர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நழுவியபோதும் கொள்ளி வைக்கும்வரை நின்றார். திரும்பும் வழியில் தோளில் கை போட்டு, "சுடுகாட்டுக்கு மேக்க ஒரு பள்ளம் பாத்தீங்களா? யாரு எடம் அது?" என்றார். தொழில் பக்தி.

சிரித்து முடித்தாயிற்று. இனி வயிற்றெரிச்சல். கொட்டியவன் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடுவான்; பட்டா நம் பெயரில் அங்கேயே இருக்கும். புகார் எழுதிக்கொண்டு போனால் ஒரு அலுவலகத்தில் "இது எங்க லிமிட் இல்ல" என்பார்கள். அடுத்ததில் "தனியார் பட்டா நெலத்துல நாங்க எப்படிக் கை வைக்க?" என்பார்கள். மூன்றாவது இடத்தில்தான் ஒருவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு நம்மை மேலும் கீழும் பார்ப்பார். "ஒங்க எடத்துல ஒங்களுக்குத் தெரியாமயா இத்தன லோடு எறங்குச்சு?" பறிகொடுத்தவனே திருடனாகிற இடம் இது. கழிவைத் தின்று மாடு செத்தால் மாட்டுக்காரர் வந்து நிற்பதும் நம் வாசலில்தான். கிணற்றுத் தண்ணீர் நாறினால் ஊரே திட்டுவதும் நம்மைத்தான்.

சரி, கைக்காசு போட்டாவது அள்ளிவிடலாம் என்று ஜேசிபிக்கு விசாரித்தால், போனை எடுப்பது அண்ணாச்சியின் மச்சான். பின்னாலேயே அண்ணாச்சியும் லைனுக்கு வந்துவிடுவார். "நம்ம வண்டிதான், ரேட்டு கொறச்சுப் போடச் சொல்லுதேன்."

"அள்ளினதை எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க?"

"அதுக்கு ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன் அண்ணாச்சி. ரெண்டடி தாழ்ந்து, சும்மாதான் கெடக்கு."

மருத்துவக் கழிவு கொட்டுகிறவர்களைக் குண்டர் சட்டத்தில் பிடிக்க வழிசெய்து 2025-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். நல்லதுதான். ஸ்டியரிங்கைப் பிடித்தவரோடு நிறுத்திக்கொள்ளாமல், வரப்பில் ஏறி நின்று கண்ணைச் சுருக்கியவரையும் பிடித்தால் இன்னும் நல்லது.

அதுவரைக்கும், ஊரில் நிலத்தைப் போட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறவர்கள் இந்தப் பொங்கலுக்குப் போகும்போது ஒரு எட்டு அங்கேயும் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். அறிமுகமில்லாத லாரி நின்றால் நம்பர் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். அண்ணாச்சி போன் பண்ணினால், உங்கள் இடம் மேடு என்று சொல்லிவிடுங்கள்.