நீராவி எஞ்சினின் புண்ணியம்

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவாக இருப்பதால்தான் ஒற்றை எஞ்சின் நூற்றுக்கணக்கான டன் சரக்கை இழுத்துச் செல்கிறது. அதே காரணத்தால், சற்றே மேடு வந்தாலும் அந்தச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று எஞ்சினின் மானத்தை வாங்கிவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் ரயில்வே பொறியாளர்கள் இந்தப் பலவீனத்துக்கு அடங்கி நடந்தவர்கள்: குன்று வந்தால் வெட்டினார்கள், தாழ்வு வந்தால் மண்ணைக் கொட்டி நிரவினார்கள், பள்ளத்தாக்கு வந்தால் பாலம் கட்டினார்கள், முடிந்த இடமெல்லாம் 100 அடி தூரத்துக்கு ஓர் அடிக்கு மேல் ஏறாத வழியாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். பிற்பாடு ஆலைகள் மூடப்பட்டு, ரயில்கள் நின்று, தண்டவாளம் பழைய இரும்புக்குப் போனபின் எஞ்சியது அந்தச் சரிவு மட்டுமே. மாடிப்படி ஏறினாலே இளைக்கிற நடுவயதுக்காரர்கூட மூச்சு வாங்காமல் மிதித்துச் செல்லத்தக்க சரிவு அது. ஓய்ந்துபோன தொழில் நகரங்களின் மிதிவண்டிப் பாதைகளைப் பற்றி எழுதப்பட்ட திட்ட அறிக்கைகள் பலவற்றிலும் பொது நலம், தொலைநோக்கு, சுற்றுச்சூழல் ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. எஞ்சினுக்கு நன்றி சொன்ன அறிக்கை அரிது.

இங்கிலாந்தின் வடகிழக்கில் டர்ஹம் மாவட்டத்து மேட்டு நிலத்தில் இருக்கும் கான்செட் என்னும் ஊர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1840-இல் அங்கே தொடங்கிய இரும்புத் தொழில் 1864-இல் கான்செட் இரும்புக் கம்பெனியின் கைக்கு வந்து, பின்னர் உருக்காலையாக வளர்ந்தது. ஆலையிலிருந்து பறந்த இரும்பு ஆக்சைடுத் தூள் ஊர் முழுவதையும் செம்மண் நிறத்தில் வைத்திருந்தது. வெள்ளைத் துணியைத் துவைத்துக் கொடியில் உலர்த்தியவர்கள் அதைச் சிவப்பாக எடுத்து மடித்தார்கள். 1980 செப்டம்பரில் ஆலை மூடப்பட்டபோது ஏறத்தாழ 3,700 பேர் வேலையிழந்தார்கள். ஆலை தரைமட்டமானபின் ஊருக்கு மிஞ்சியவை துவைத்தால் வெள்ளையாகவே இருக்கிற துணிகளும், ஊரின் ஓரத்தில் வந்து கூடும் நான்கு பழைய ரயில் வழிகளும்தான். இரண்டும் நல்லவைதாம், ஆனால் மாதச் சம்பளத்துக்கு ஈடாக இவற்றை எவரும் கேட்டதில்லை.

அந்த வழிகளில் மூத்தது 1834-இல் திறக்கப்பட்ட ஸ்டான்ஹோப்–டைன் ரயில் பாதை. பாதை போடுவோர் நிலத்தை வாங்காமல் ஆண்டுதோறும் வாடகை கொடுத்து அதன்மேல் செல்லும் உரிமையை மட்டும் பெறுவது அக்காலத்து வழக்கங்களுள் ஒன்று. அதை வழிவிடு கட்டணம் எனலாம். இந்தக் கம்பெனி அந்த முறையைத் தேர்ந்தெடுத்தது. நில உரிமையாளர்கள் தரிசு மேட்டுக்கும் பொன் விளையும் பூமிக்கும் வேறுபாடு பாராமல் விலை சொல்ல, கம்பெனி வாடகை கொடுத்தே நொடித்து, சில ஆண்டுகளிலேயே கலைக்கப்பட்டது. பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன் தம் கட்டணத்துக்குப் பணமாக வாங்காமல் கம்பெனியின் பங்குகளைப் பெற்றுக்கொண்டிருந்தார். பங்குதாரரின் சொந்தச் சொத்தும் கம்பெனிக் கடனுக்குப் பொறுப்பு என்பது அன்றைய சட்டமாதலால், உலகப் புகழ் பெற்ற அந்த மனிதர் பொறியியல் பிழை எதுவும் செய்யாமலேயே ஓட்டாண்டியாகிற நிலைக்கு வந்து தப்பித்தார். இன்றைக்கும் நடைபாதை அமைக்கப் புறப்படுவோரின் முதல் தலைவலி நில உரிமைதான். 30 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு நிலம் யாருக்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பதற்குள் 30 கிலோமீட்டர் பாதையைப் போட்டு முடித்துவிடலாம்.

அதே தடத்தில் ஹவுன்ஸ்கில் என்னும் ஆழமான பள்ளம் குறுக்கிட்டது. பாலம் கட்டப் பணமில்லாத அந்தக் கம்பெனி, சரக்குப் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஒரு தொட்டிலில் குறுக்குவாட்டில் ஏற்றி, கயிற்றால் ஒரு பக்கம் இறக்கி மறு பக்கம் இழுத்து ஏற்றியது. இந்த வேடிக்கை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தபின், 1858-இல்தான் தாமஸ் பௌச் என்பவர் வடிவமைத்த 12 வளைவுகள் கொண்ட செங்கல் பாலம் அங்கே எழுந்தது. உயரம் சுமார் 53 மீட்டர். இதே பௌச் ஸ்காட்லாந்தில் கட்டிய டே ஆற்றுப் பாலம் 1879 டிசம்பரில் ஒரு புயல் இரவில் ஓடுகிற ரயிலோடு சேர்ந்து விழுந்து, அவருடைய பெயரையும் கையோடு கொண்டுபோனது. ஹவுன்ஸ்கில் பாலமோ 160 ஆண்டுகளைக் கடந்தும் அசையாமல் நிற்கிறது. அதன் வழியே சைக்கிளில் செல்வோர் வடிவமைத்தவரின் முழு வரலாற்றையும் அக்கரை சேர்ந்தபின் படித்துக்கொள்வது நல்லது.

ரயில் வழியைச் சைக்கிள் வழியாக்கும் வேலையை இங்கிலாந்தில் ஓர் இயக்கமாகவே நடத்தியது, 1977-இல் பிரிஸ்டல் நகரத்துச் சைக்கிள் ஆர்வலர்கள் தொடங்கிய குழு. சஸ்ட்ரான்ஸ் என்ற பெயரில் பிற்காலத்தில் நாடறிந்த தொண்டு நிறுவனமானது அதுதான். 1980-களில் அதன் தொடக்க காலப் பாதைகளை அமைப்பதில், வேலையில்லாதோருக்காக அரசு நடத்திய தற்காலிக வேலைத் திட்டங்கள் பெரும் பங்கு வகித்தன. ஓய்வை விரும்பி எடுப்போர் மிதித்துச் செல்வதற்கான வழியை, ஓய்வு தலையில் கட்டப்பட்டோர் மண்வெட்டியால் செப்பனிட்டுக் கொடுத்தார்கள் என்பது பொருளாதார நூல்களில் தனித் தலைப்புப் பெற வேண்டிய செய்தி. 1994-இல் மேற்குக் கடற்கரையையும் கிழக்குக் கடற்கரையையும் இணைக்கும், ஏறத்தாழ 225 கிலோமீட்டர் நீளமான நெடும்பாதை திறக்கப்பட்டு, கான்செட் அதன் வழியிலுள்ள ஊர்களுள் ஒன்றானது. ஐரிஷ் கடலில் பின்சக்கரத்தை நனைத்துப் புறப்பட்டு வடகடலில் முன்சக்கரத்தை நனைத்து முடிப்பது அந்தப் பாதையின் சடங்கு. கான்செட்டுக்குப் பிறகு சண்டர்லாந்து வரை பெரும்பாலும் இறக்கம் என்பதால், எதிர்த்திசையில் செல்ல விரும்புவோர் குறைவு. அந்த வட்டாரத்தில் டைன் துறைமுகத்திலிருந்து கான்செட் ஆலைக்கு இரும்புத் தாது ஏற்றி வந்த ரயில்களுக்கே முன்னால் ஓர் எஞ்சினும் பின்னால் தள்ள ஓர் எஞ்சினும் வேண்டியிருந்தன.

பாதை வந்ததும் கலை வந்தது. ஆலை நின்ற இடத்துக்கு அருகில் டோனி கிராக் என்னும் சிற்பி, நில அளவைக் கருவிகள் இரண்டை 20 மடங்கு பெரிதாக்கி, மிருகக் கால்கள் வைத்து, துருப்பிடிக்காத எஃகில் நிறுத்தியிருக்கிறார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் துருவின் நிறத்திலேயே வாழ்ந்த ஊருக்குத் துருவே பிடிக்காத நினைவுச் சின்னம் கிடைத்தது குறித்து ஊரார் என்ன நினைத்தாலும், தொலைவிலிருந்து வழி தவறாமல் வந்துசேர அது பயன்படுகிறது. இன்னும் சற்றுக் கிழக்கே பழைய இயந்திர உதிரிப் பாகங்களால் செய்த இரும்பு மாடுகள் மேய்கின்றன. மேற்கே மேட்டு நிலத்தில் உண்மையான ஆடுகள் பாதையில் படுத்திருக்கின்றன. மணியடித்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன.

கலைக்கு அடுத்து வந்ததுதான் தடுப்பு. இந்தத் துறையின் உண்மையான வரலாறு இங்கிருந்தே தொடங்குகிறது. ஊர்ப்புறத்து இளைஞர்கள் சிலர் காதைக் கிழிக்கும் மோட்டார் சைக்கிள்களை இந்தப் பாதைகளில் ஓட்டியதால், பாதை சாலையைச் சந்திக்கும் இடங்களில் இரும்புத் தடுப்புகள் நடப்பட்டன. அவற்றுள் புகழ்பெற்றது 'ஏ' எழுத்து வடிவத் தடுப்பு. அதன் இரண்டு இரும்புச் சட்டங்களும் தரையருகே அகன்றும் மேலே போகப் போகக் குறுகியும், கைப்பிடி உயரத்தில் மிகவும் நெருங்கியும் நிற்கும். மோட்டார் சைக்கிளின் அகலமான கைப்பிடி நுழையக்கூடாது, சைக்கிளின் கைப்பிடி நுழைய வேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் சைக்கிள்காரர் இறங்கி, முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கி, கைப்பிடியை ஒரு பக்கமாகத் திருப்பி முதல் முனையைச் செலுத்தியபின் மறு பக்கம் திருப்பி அடுத்த முனையைச் செலுத்த வேண்டும். அதற்குள் பின்னால் கட்டிய பை சட்டத்தில் சிக்கிக்கொள்ளும். பையை விடுவிக்கக் குனிந்தால் மிதிகட்டை பின்னோக்கிச் சுழன்று முழங்காலுக்குக் கீழே எலும்பைப் பதம் பார்க்கும். பின்னால் வருபவர் இந்தக் காட்சியை ஆங்கிலேயருக்கே உரிய மரியாதையுடன் மரங்களைப் பார்ப்பதுபோல நின்று பார்ப்பார். அடுத்த முறை அவருடையது.

சக்கர நாற்காலிக்காரர், இரட்டைக் குழந்தை வண்டி தள்ளும் தாய், மூன்று சக்கர சைக்கிளை ஓட்டும் முதியவர் ஆகியோருக்கு இந்த அங்கப் பயிற்சிகூட வாய்ப்பதில்லை. அவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். மோட்டார் சைக்கிள்காரரோ பக்கத்து வேலியில் உடைந்த இடத்தைக் கண்டுபிடித்து, இன்னும் கொஞ்சம் உடைத்து, உள்ளே போய்விடுகிறார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினால் எலியாவது போகும் என்று எதிர்பார்ப்பது நியாயம். இங்கே அதுவும் போகவில்லை. சஸ்ட்ரான்ஸ் 2018-இல் தன் தேசிய சைக்கிள் பாதைத் தொகுதியை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, சுமார் 16,500 மைல் நீளமான அந்தத் தொகுதியில் 16,000-க்கும் மேற்பட்ட தடுப்புகள் இருப்பதாக ஒப்புக்கொண்டது. அதாவது சராசரியாக மைலுக்கு ஒன்று. மைல்கல் நடும் வழக்கம் மறைந்துபோன காலத்தில் அந்தக் குறையை இவ்வளவு துல்லியமாக நிரப்பிய நிறுவனம் பாராட்டுக்குரியது. தன் குறையைத் தானே எண்ணிச் சொல்லும் நேர்மை அரசு அலுவலகங்களில் எளிதில் காணக்கிடைப்பதன்று என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020-இல் அதே நிறுவனம், பாதுகாப்பில்லை என்ற காரணத்தால் ஏறத்தாழக் கால் பங்குத் தொகுதியைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது.

அதே ஆண்டில் இங்கிலாந்து அரசு வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டி, பாதை அமைப்போர் மனத்தில் கொள்ள வேண்டிய சைக்கிள் 2.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உடையது என்று கூறியது. பின்னிழுவை வண்டி, சரக்கு சைக்கிள், மூன்று சக்கர சைக்கிள் எல்லாவற்றையும் உள்ளடக்கிய கற்பனை வாகனம் அது; அதை ஓட்டுபவர் இறங்காமலே செல்ல, நிறுத்துக்கட்டைகளுக்கிடையே 1.5 மீட்டர் இடைவெளி வேண்டும். இந்த ஒரு வாக்கியம் பாதைகளுக்குச் செய்யக்கூடிய நன்மை, சிற்பங்கள் அனைத்தும் சேர்ந்து செய்ததைவிடப் பெரிது. ஆனால் சிற்பம் வைத்தால் திறப்பு விழா உண்டு. இல்லாமற்போன தடுப்புக்கு எவரும் நாடா வெட்டியதில்லை. வெட்டுவதென்றாலும் நாடாவைக் கட்ட இரண்டு கம்பங்கள் வேண்டும். இரும்பு போன ஊர்களில் இரும்பை அகற்ற இவ்வளவு தயங்குவதற்கு இதைவிட ஆழமான காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

தரை விஷயத்தில் கருத்து வேறுபாடு இன்னும் கூர்மையானது. ரயில் வழியின் அடியில் இருந்த சரளைக் கற்கள் தண்ணீரை வடியவிட்டன. பக்கவாட்டு வடிகால்கள் பராமரிப்பின்றித் தூர்ந்தபின் வெட்டுப்பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, இலைகள் மக்கி, நல்ல தரை சேறாகிறது. தார் போட்டால் இது தீரும் என்பர் சைக்கிள்காரர். குதிரை வழுக்கும் என்பர் குதிரைக்காரர். நாட்டுப்புற அழகு கெடும் என்பர், காரில் வந்து இறங்கி அரைக் கிலோமீட்டர் நடந்து திரும்புவோர். மூவரையும் திருப்தி செய்யப் பொடிக்கல் பரப்பும்போது மூவரும் சமமாக அதிருப்தி அடைகிறார்கள். ஜனநாயகத்தில் இதற்கு ஒருமித்த கருத்து என்று பெயர். மணியடிப்பதிலும் இதே நிலைதான்: பின்னால் வரும் சைக்கிள்காரர் மணியடித்தால் நடப்பவர் அதட்டலாக எடுத்துக்கொள்கிறார், அடிக்காவிட்டால் திடுக்கிடுகிறார், தொண்டையைச் செருமினால் இரண்டும் சேர்ந்து நடக்கிறது.

இவையெல்லாம் தீர்ந்தாலும் மிஞ்சும் குறை ஒன்று உண்டு. ரயில் வழிகள் சுரங்கத்தையும் ஆலையையும் துறைமுகத்தையும் இணைக்கப் போட்டவை. அவற்றைப் போட்டவர்களுக்குப் பள்ளிக்கூடமும் பால் கடையும் கணக்கில் வரவில்லை. ஆகவே கான்செட்வாசி ஒருவர் தம் ஊரின் ஓரத்திலிருந்து வடகடல் வரை கார் தொல்லை இல்லாமல் மிதித்துப் போகலாம். அரை லிட்டர் பால் வாங்குவதென்றால் கார்களோடு கார்களாக ரவுண்டானாவைச் சுற்றித்தான் ஆகவேண்டும். பாதையை மேம்படுத்துதல் என்ற பெயரில் செலவாகும் பணம் பாதையின் மேலேயே செலவாகிறது. பாதைக்கும் வீட்டு வாசலுக்கும் இடையிலுள்ள அந்த 400 மீட்டர் எந்தத் திட்டத்தின் வரைபடத்திலும் விழாமல், மடிப்பில் மறைந்துகொள்கிறது.

நடப்போருக்கும் மிதிப்போருக்கும் தனித்தனி வழி வேண்டுமா, ஒரே வழி போதுமா என்ற நெடுங்கால விவாதத்துக்கு இந்தப் பாதையில் ஓரிடத்தில் மட்டும் முடிவு கிடைத்திருக்கிறது. கான்செட்டுக்கு மேற்கே, ஸ்டான்ஹோப் ஊரிலிருந்து கிராலிசைடு மேட்டில் ஏறும் இடம் அது. எந்த எஞ்சினாலும் ஏற முடியாதென்று 1834-இலேயே பொறியாளர்கள் கைவிட்டு, உச்சியில் நிலையான நீராவி எஞ்சினை வைத்துக் கயிறு கட்டிப் பெட்டிகளை இழுத்த சரிவு அங்கேதான் தொடங்கியது. கயிறும் போய், எஞ்சினும் போய், பக்கத்துச் சாலை மட்டும் இருக்கிறது. மேற்கிலிருந்து உற்சாகமாக மிதித்து வருவோரில் பலர் முதல் திருப்பத்திலேயே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, நடப்பவர்களுக்கு மிகுந்த பணிவுடன் வழிவிட்டு மேலே செல்கிறார்கள்; மணியடிக்கிற தெம்பு அவர்களிடம் இருப்பதில்லை.