வியர்வை காய்ந்தால்தான் கூலி!

ஆத்தூர்ப் பாலத்தில் விடியுமுன் ஓடுகிற 62 வயதுக்காரர், வாசகர் கேள்விகளுக்கு மூச்சு வாங்காமல் பதில் சொல்கிறார்.

● கொடிக்கால் விவசாயி, ஆத்தூர்: அண்ணாச்சி, நம்ம ஊரு வெத்தலையவே அகத்தி நிழல்லதான் வளக்கோம். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு வெக்கையில ஓட்டம்?

வெற்றிலைக்குச் சர்க்கரை வியாதி வருவதில்லை அண்ணாச்சி. எனக்கு வரப் பார்த்தது. வயதைச் சொல்லி மிரட்டாதீர்கள். பஞ்சாபில் பிறந்து லண்டனில் குடியேறிய ஃபௌஜா சிங் முதல் மாரத்தான் ஓடியது 89 வயதில். 2011-இல் டொராண்டோவில் 42 கிலோமீட்டரை ஓடி முடித்தபோது பாஸ்போர்ட் கணக்குப்படி வயது 100. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ்காரர்கள் சாதனையை ஏற்கவில்லை. நூறு வயதில் மாரத்தான் ஓடிவிடலாம். சர்டிபிகேட் வாங்குவதுதான் சிரமம்!

● ஓய்வுபெற்ற ஆசிரியர், முக்காணி: ஓடி முடித்துப் பனியனைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வருகிறது. உடம்பு நன்றாகக் குளிர்ந்திருக்கும் அல்லவா?

பிழிந்து ஊற்றினீர்களே, அந்த ஒரு டம்ளரும் வீண். வியர்வை சுரப்பதால் உடம்பு குளிர்வதில்லை, ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே காய்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். தரையில் சொட்டினால் தண்ணீரும் நஷ்டம், உப்பும் நஷ்டம், குளிர்ச்சி பூஜ்யம்.

கரும்பலகையே வேண்டாம், உப்பளத்துக்குப் போய்ப் பாருங்கள். பாத்தியில் உப்பு இறங்க வெயில் மட்டும் போதாது, காய்ந்த மேல்காற்றும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் பாத்தி அப்படியே கிடக்கும். நம் தோலும் ஒரு பாத்திதான். காற்று ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து வயிறு நிறைந்திருந்தால், அங்கே உப்பு விளையாது, இங்கே குளிர்ச்சி விளையாது. உழைத்தவனுக்கு வியர்வை காயுமுன் கூலி கொடு என்பார்கள். ஓட்டக்காரனுக்கு மட்டும் வியர்வை காய்ந்தால்தான் கூலி.

● வாசகி, ஏரல்: ஓடுவதற்குக் காலை நல்லதா, மாலை நல்லதா?

விடியற்காலையில் வெப்பம் குறைவு. ஆனால் காற்றின் ஈரம் அப்போதுதான் உச்சம். மாலையில் ஈரம் கொஞ்சம் குறையும். பகலெல்லாம் காய்ந்த தார்ச்சாலையோ தோசைக்கல்லாகக் கிடக்கும். என் ஓட்டு விடியலுக்கே. தலைக்கு மேல் சூரியன் இல்லாததே பாதி வெற்றி. உப்பளத் தொழிலாளிகள் இருட்டோடு வேலைக்கு இறங்குவதும் இதே கணக்கில்தான்.

ஒரு தந்திரம்: போகும்போது காற்று முதுகில், திரும்பும்போது முகத்தில் படுகிற மாதிரி வழியைத் தேர்ந்தெடுங்கள். உடம்பு கொதிக்கிற நேரத்தில் காற்று எதிரே வந்து நிற்கும். இன்னொன்று, திருச்செந்தூர் பாதயாத்திரைக்காரர்கள் பையில் ஒட்டிக்கொள்கிற ஒளிரும் பட்டையை நீங்களும் ஒட்டிக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் ஃபௌஜா சிங்கைக் கொண்டுபோனது வெயிலல்ல, சாலையில் மோதிய வண்டி.

● முன்னாள் வங்கி ஊழியர், ஆறுமுகநேரி: முப்பது வயதில் இதே வெயிலில்தான் ஓடினேன். இப்போது மட்டும் ஏன் திணறுகிறது?

கதவிலக்கம் அதேதான், உள்ளே குழாய்கள்தான் பழசு. வயதானால் ஒவ்வொரு வியர்வைச் சுரப்பியும் முன்பைவிடக் குறைவாகவே சுரக்கிறது. சூட்டை வெளியேற்றத் தோலுக்கு ஓடிவரும் ரத்தமும் குறைகிறது. தாகமோ, மணி அடித்து முடிந்தபின் வகுப்புக்கு வருகிற மாணவன் மாதிரி தாமதமாக வருகிறது. இதற்கு மேல் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால், ஓடத் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில மாத்திரைகள் சிறுநீரைப் பெருக்கி உடம்பின் நீரைக் குறைக்கும். சில, இதயத்துடிப்பை ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

● வாழைமண்டிக்காரர், ஆத்தூர்: எவ்வளவுதான் தண்ணி குடிக்கணும்? இளநி போதுமா அண்ணாச்சி?

பதில் உங்கள் மண்டித் தராசிலேயே இருக்கிறது. ஒரு நாள் ஓடுமுன் ஏறி நின்றேன்: 64.2 கிலோ. ஒரு மணி நேரம் ஓடி வந்து, துடைத்துக்கொண்டு, ஈரப் பனியனைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன்: 63.1. வழியில் குடித்தது கால் லிட்டர். ஆக, போன வியர்வை ஒன்றேகால் லிட்டருக்கும் கொஞ்சம் மேலே. தார் இறக்க வந்த பையன், “தாத்தா, ஒரு சீப்புக் குறையுது” என்றான். சரியான கணக்கு!

போனதையெல்லாம் ஒரே மடக்கில் திருப்பி ஊற்ற வேண்டாம். சாப்பாட்டோடும் உப்போடும் மெல்லத் திரும்பட்டும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால்தான் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வழியெங்கும் குடித்துக் குடித்து எடை கூடியவர்கள்தான் அதில் அதிகம்.

இளநீர் அருமையானதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் அந்தக் கணக்கை நேர்செய்யும். தூத்துக்குடிச் சீமையில் இருந்துகொண்டு உப்புக்கு வெளிநாட்டு மாத்திரை வாங்குவது, கொல்லன் தெருவில் ஊசி வாங்க வெளியூர்க்காரனைத் தேடுவது போல. (உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக்கொடுத்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

● வளைகுடாவிலிருந்து திரும்பியவர், காயல்பட்டினம்: முப்பது வருஷம் ஏ.சி.யிலேயே இருந்துவிட்டேன். இந்தப் புழுக்கம் பழகுமா?

பழகும். புது மருமகனைப் போல இரண்டு வாரம் அடக்கமாக இருங்கள். 10 முதல் 14 நாள் தொடர்ந்து, தினமும் கொஞ்ச நேரம் வெக்கையில் நடந்தும் மெல்ல ஓடியும் வந்தால், ரத்தத்தில் நீரின் அளவு கூடும். வியர்வை சீக்கிரம் தொடங்கும். அதில் உப்பும் குறையும். உடம்பும் சிக்கனம் கற்றுக்கொள்கிறது, பாருங்கள்! ஆனால் சில வாரம் ஏ.சி.யில் முடங்கினால் பழகியதெல்லாம் போய்விடும். பாடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

● ஓட்டக்காரரின் மகன், தூத்துக்குடி: அப்பாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். வேகம் குறைகிறது என்று தினமும் அதோடு சண்டை போடுகிறார்.

வாட்ச் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொல்கிறது. புழுக்கத்தில் இதயத்துக்கு இரண்டு வேலை. காலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், தோலுக்கும் அனுப்ப வேண்டும். அதே வேகத்தில் ஓடினாலும் நேரம் ஆக ஆகத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். உச்சத் துடிப்புக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிப்பது. எனக்கு 165 வருகிறது. அதை எட்டிப் பிடிப்பதற்கல்ல, எட்ட நிற்பதற்கு. அதைவிட எளிய கருவி வாய். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஊர்வம்பு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். புழுக்க நாளில் தூரத்தைப் பார்த்து ஓடக் கூடாது, நேரத்தைப் பார்த்து ஓட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். நாற்பது நிமிடம் முடிந்தால் வீடு. எத்தனை கிலோமீட்டர் என்பது வாட்சின் கவலை.

● டீக்கடைக்காரர், ஆத்தூர்: ஓடிட்டு வந்தவர் கடை வாசல்ல தள்ளாடி விழுந்தா என்ன செய்ய?

இதற்குச் சிரிப்பு இல்லாமல் பதில். சம்பந்தமில்லாமல் பேசுகிறார், ஆளை அடையாளம் தெரியவில்லை, தள்ளாடுகிறார் என்றால் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். உள்ளுடம்பின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். ‘வியர்க்கிறதே, பயமில்லை’ என்று நினைக்காதீர்கள். ஓடி வந்தவருக்குத் தோல் ஈரமாக இருக்கும்போதே இது வரும். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை கைகட்டி நிற்காமல் நிழலில் போட்டு, சட்டையைத் தளர்த்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பெரிய தொட்டி இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்தபடி கழுத்துவரை தண்ணீரில் இருத்துங்கள். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ டீயோ ஊற்றவே கூடாது. முதலில் குளிர வைப்பது, அப்புறம் கொண்டுபோவது.

● கல்லூரி மாணவர், ஆத்தூர்: உலக வீரர்கள் இதற்கெல்லாம் பயப்படுவார்களா?

2019 உலகத் தடகளப் போட்டியில், தோஹாவில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் 30 டிகிரிக்கு மேல் வெக்கை, 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம். 68 பேர் கிளம்பி 28 பேர் பாதியில் நின்றார்கள். டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து வடக்கே சப்போரோவுக்குத் தூக்கிக்கொண்டு போயும், 2021-இல் ஆண்களில் 106 பேர் கிளம்பி 30 பேர் முடிக்கவில்லை. நின்றவர்களெல்லாம் கோழைகள் அல்ல தம்பி. நிற்கத் தெரிந்தவர்கள்.

● வாசகர், குரும்பூர்: கிழவர்களுக்குப் போட்டி வைத்து யாருக்கு என்ன லாபம்?

மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து வயதுக்கு ஒரு பிரிவு. 64-இல் கடைசியாக வருபவர் 65 பிறந்ததும் அடுத்த பிரிவின் இளங்காளை. பிறந்தநாளுக்குச் சந்தோஷப்படுகிற கிழவர்கள் எங்கள் கூட்டத்தில் மட்டும்தான்! கனடாவின் எட் விட்லாக் 2004-இல், 73 வயதில், மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் முடித்தார். அவர் பயிற்சிக்குச் சுற்றிச் சுற்றி ஓடிய இடம் வீட்டுப் பக்கத்துக் கல்லறைத் தோட்டம். ‘இப்போதைக்கு உள்ளே வரவில்லை’ என்று தினமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

● ஓட்டக்காரரின் மனைவி, பழையகாயல்: தினமும் நனைந்த பனியனோடு வந்து நிற்கிறார், நாற்றம் தாங்கவில்லை. ‘இன்று ஓட வேண்டாம்’ என்று ஒரு நாளாவது நீங்கள் சொல்லக் கூடாதா?

நான் எதற்கு? சம்பளம் இல்லாத வானிலை அதிகாரியாக உங்களையே நியமிக்கிறேன். ராத்திரி துவைத்த பனியனைக் காற்றாடக் கொடியில் போட்டுவையுங்கள். விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஓடட்டும். சொதசொதவென்று இருந்தால் அன்றைக்கு நடை மட்டும். கொடியில் காயாதது முதுகிலும் காயாது. இந்தக் கருவி சரியாக வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனைதான்: பனியனைத் துவைப்பது அவராக இருக்க வேண்டும்.