சுதந்திரம், கேஏ 09

அமெரிக்காவில் பத்துக்கு மேற்பட்ட மாநிலங்களில் காசு கட்டினால் காருக்குப் பின்னால் பாம்பை மாட்டிக்கொள்ளலாம். மஞ்சள் பின்னணியில் சுருண்டு கிடக்கும் கிலுகிலுப்பைப் பாம்பு. அதன் கீழே 'என்னை மிதிக்காதே' என்று எழுத்து. 1775இல் கிறிஸ்டோபர் காட்ஸ்டன் என்பவர் இங்கிலாந்து ராஜாவுக்கு எதிராகக் கொண்டுவந்த கொடி அது. அரசாங்கத்தை முறைத்துப் பார்த்த அந்தப் பாம்பை இன்று அரசாங்கமே நம்பர் பிளேட்டில் அச்சடித்து, கட்டணம் வசூலித்து, ரசீதும் போட்டுக் கொடுக்கிறது. பாம்புக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தகவல் இல்லை.

நியூ ஹாம்ப்ஷர் மாநிலம் இதற்கும் ஒரு படி மேலே. 1971 முதல் அங்கே நம்பர் பிளேட்டில் 'சுதந்திரமாக வாழ் அல்லது செத்துப்போ' என்று பொறித்தார்கள். ஜார்ஜ் மேனார்ட் என்ற ஒரு மனிதர், 'என் உயிர் ஆண்டவன் கொடுத்தது, இப்படி ஒரு வாசகத்தை நான் சுமக்க மாட்டேன்' என்று அதை மறைத்து ஒட்டினார். சுதந்திரத்தை மறைத்த குற்றத்துக்காக அவரைப் பதினைந்து நாள் ஜெயிலில் போட்டார்கள். 1977இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அந்த வாசகத்தைச் சுமக்காமல் இருக்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: 'சுதந்திரமாக வாழ்' என்று எழுதிய அந்தத் தகடுகளைச் செய்கிறவர்கள் மாநிலச் சிறையில் இருக்கும் கைதிகள்.

இவ்வளவு உயர்ந்த ஏற்பாடு நம் மைசூருக்கு மட்டும் ஏன் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். இங்கே பதிவாகும் கேஏ 09, கேஏ 55 வண்டிகளுக்கு ஒரு சுதந்திரச் சின்னம் போட்ட சிறப்புத் தகடு வேண்டும் என்று இதன் மூலம் சமூகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஆட்களுக்கு இதில் ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2022இல் சண்டிகரில் ஒருவர் ஏலத்தில் 15.44 லட்சம் ரூபாய் கொடுத்து 0001 என்ற எண்ணை வாங்கினார், எழுபதாயிரம் சொச்சம் விலையுள்ள ஸ்கூட்டருக்கு. நம்பர் பிளேட்டில் எண்ணைத் தவிர நாமாக எதையும் சேர்க்கக் கூடாது என்பது விதி. அந்த விதிக்கு நடுவேதான் 'பிரஸ்', 'போலீஸ்', 'மனித உரிமை', ஜாதிப் பட்டம், தலைவர் படம், குலதெய்வம் எல்லாம் குடித்தனம் நடத்துகின்றன. மேலிடத்தில் இன்னும் வசதி. ஜனாதிபதி, கவர்னர் கார்களில் எண்ணே இருந்ததில்லை, சிங்க முத்திரை மட்டும்தான் இருந்தது. அவற்றுக்கும் பதிவு எண் வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல 2018 வரை ஆயிற்று. குடியரசு வந்து அறுபத்தெட்டு வருஷம் அந்தச் சிங்கங்கள் எண் இல்லாமல்தான் ஓடியிருக்கின்றன. 2017 மே மாதம் சிவப்பு விளக்கைக் கழற்றியபோது நாட்டில் விஐபி கலாசாரம் ஒழிந்துவிட்டது என்றார்கள். அது கூரையிலிருந்து இறங்கி பம்பருக்கு வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

சரி, மைசூர்த் தகட்டில் என்ன சின்னம் போடுவது? சரக்கு இருக்கிறது. 1797இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் கூடி ஒரு சுதந்திர மரம் நட்டார்கள். மன்னராட்சி ஒழிக என்று சத்தியம் செய்தார்கள். மன்னரான திப்பு சுல்தானை 'குடிமகன் திப்பு' என்று கூப்பிட்டார்கள். அவரும் பீரங்கி முழக்கி மரியாதை செய்தார். 1799இல் திப்பு விழுந்த பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்து அச்சிட்ட காகிதங்கள் இப்படிச் சொல்கின்றன. கம்பெனிக்காரனுக்குப் போருக்கு நியாயம் காட்ட வேண்டியிருந்ததால், இதில் எவ்வளவு உண்மை என்று சந்தேகப்படும் வரலாற்றாளர்களும் இருக்கிறார்கள். சுல்தானே குடிமகனான கதை பாதி மெய், பாதி பொய்யாக இருந்தால் என்ன? அரசுச் சின்னத்துக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா?

ஆனால் அந்த மரத்தை அச்சுக்கு அனுப்பிப் பாருங்கள். திப்பு பேர் ஒட்டியது எதுவும் இங்கே நிலைத்து நிற்பதில்லை. 2015இல் ஓர் அரசு திப்பு ஜெயந்தியை ஆரம்பித்தது, 2019இல் இன்னோர் அரசு நிறுத்தியது. 1980 முதல் மைசூருக்கும் பெங்களூருக்கும் ஓடிய திப்பு எக்ஸ்பிரஸ், 2022 அக்டோபரில் ஒரு நாள் உடையார் எக்ஸ்பிரஸாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதமே ஊட்டி ரோட்டில் ஒரு பஸ் நிழற்குடையின் மேல் இருந்த கும்மட்டங்களில் மசூதி தெரிகிறது என்று அன்றைய மைசூர் எம்.பி. சொல்லி, இடிப்பேன் என்றும் சொல்லி, பக்கத்துக் கும்மட்டங்கள் இரண்டும் காணாமல் போயின. நடுவில் ஒன்று மிச்சம். வெயிலுக்கு ஒதுங்க வந்தவன் எந்த மதத்து நிழலில் நிற்கிறோம் என்று அண்ணாந்து பார்க்க வேண்டிய ஊர் இது. 2023 மார்ச்சில் பிரதமர் பெங்களூர்-மைசூர் எக்ஸ்பிரஸ்வேயைத் திறக்க வந்தபோது மண்டியாவில் உரி கௌடா, நஞ்சே கௌடா பேரில் வரவேற்பு வளைவு முளைத்தது. திப்புவைக் கொன்ற வீரர்களாம். ஆதாரம் எங்கே என்று வரலாற்றாளர்கள் கேட்டார்கள். வளைவில் பேர் மாறியது. இருந்தார்களா என்றே தெரியாத இருவருக்கு வளைவு வைக்க நேரம் இருந்தது.

திப்புவைத் தூக்கிப் பிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குடகுக்காரரையும் மங்களூர்க் கிறிஸ்தவரையும் கேட்டால் அந்தக் 'குடிமகன்' நடத்திய சிறைப்பிடிப்பு ஊர்வலங்களைப் பற்றிச் சொல்வார்கள். தேர்தல் நேரத்தில் மட்டும் அவர் தலைப்பாகையை எடுத்துத் தூசி தட்டுகிறவர்களுக்கு அது காதில் விழாது. இரண்டு தரப்புக்கும் வேண்டியது ஸ்டிக்கர்.

உண்மையில் நம் வண்டியில் சுதந்திரச் சின்னம் ஏற்கெனவே இருக்கிறது. புது நம்பர் பிளேட்டின் இடது ஓரத்தில் மினுக்கும் ஹாலோகிராமைக் குனிந்து பாருங்கள். 1947 ஜூலை 22இல் அரசியல் நிர்ணய சபை கொடிக்காக ஏற்ற அதே அசோகச் சக்கரம், இருபதுக்கு இருபது மில்லிமீட்டரில். பக்கத்தில் லேசர் எண். தகட்டை வண்டியோடு பிணைக்கும் பூட்டை ஒரு முறை அடித்தால் அடித்ததுதான், உடைத்துத்தான் எடுக்க முடியும். 2019 ஏப்ரலுக்கு முன் பதிவான பழைய வண்டிகள், கர்நாடகத்தில் சுமார் இரண்டு கோடி, எல்லாம் 2023 நவம்பர் 17க்குள் இதை மாட்டியாக வேண்டும் என்றார்கள். பிறகு தேதியைத் தள்ளினார்கள், மறுபடி தள்ளினார்கள், தள்ளிக்கொண்டே போனார்கள். நாள் நெருங்கும்போதெல்லாம் பழைய டிவிஎஸ் வைத்திருக்கும் காய்கறிக்காரர் மகனின் போனில் ஓடிபி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். திருட்டு வண்டியைப் பிடிக்க நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. சக்கரம் சுழல்வது முன்னேற்றம் என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். இங்கே அதை ரிவெட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்தச் சக்கரத்தோடு அதே காய்கறிக்காரர் எக்ஸ்பிரஸ்வே பக்கம் போகட்டும் பார்க்கலாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதன் பிரதான சாலையில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் தடை. விபத்துகள் நடந்தன, உண்மை. அதற்கு மருந்தாகக் கண்டுபிடித்தது, ஏழைகளை ஓரமாகப் போகச் சொல்வது. யார் நிலத்தின் மேல் ரோடு போனதோ அந்த மண்டியா விவசாயி தன் டிராக்டரோடு சர்வீஸ் ரோட்டுக் குழியில் ஏறி இறங்குகிறார். தலைக்கு மேல் கேமரா, முன்னால் டோல், நடுவில் பெரிய கார்கள். 'என்னை மிதிக்காதே' என்று எழுதிக்கொள்ள யாருக்காவது தகுதி இருந்தால் அது அந்த டிராக்டருக்குத்தான். அதற்கு யார் தகடு தரப்போகிறார்கள்?

தகட்டுச் சின்னத்தை ஊருக்குள்ளேயே தேடலாம். மைசூர் ஜே.எல்.பி. ரோட்டில் ராமசாமி சர்க்கிள் இருக்கிறது. சிக்னலில் நிற்கிற எத்தனை பேருக்கு ராமசாமி யார் என்று தெரியும்? ஏதோ கவுன்சிலர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை அடைந்தும் மைசூர் சமஸ்தானத்தில் மக்களாட்சி வரவில்லை. மகாராஜாவும் திவானும் அப்படியே இருந்தார்கள். 'மைசூர் சலோ' போராட்டம் வெடித்தது. திவான் வேறு யாருமல்ல, தமிழரான ஆர்க்காடு ராமசாமி முதலியார். 'ஆர்க்காட் பாய்காட்' என்று தெருவெல்லாம் கத்தினார்கள். செப்டம்பரில் இந்தச் சந்திப்பில் மூவர்ணக் கொடியை ஏற்றப் போன பள்ளி மாணவன் ராமசாமியைச் சுட்டுக் கொன்றார்கள். செங்கோட்டையில் கொடி ஏறி ஒரு மாதம்கூட முழுதாக ஓடியிருக்கவில்லை. ஆண்டதும் ராமசாமி, செத்ததும் ராமசாமி. அக்டோபரில் கே.சி. ரெட்டி தலைமையில் மக்கள் அரசு வந்தது. பையனுக்கு ஒரு சர்க்கிள் கிடைத்தது.

இன்று கொடிக்குப் பஞ்சமில்லை. ஆகஸ்டு வந்தால் டேஷ்போர்டுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, பிளாஸ்டிக்கில். பதினாறாம் தேதி சாக்கடையில். கொடியின் கீழ் நின்று வாயைத் திறந்து எதையாவது கேட்பதற்குத்தான் இடம் குறைந்துவிட்டது. மாநிலத் தலைநகர் பெங்களூரில் ஊர்வலம் போகவோ தர்ணா உட்காரவோ வேண்டுமென்றால் ஃப்ரீடம் பார்க்குக்குள் போகச் சொல்கிறார்கள். ஃப்ரீடம் பார்க் என்பது பழைய சென்ட்ரல் ஜெயில். நெருக்கடி நிலையில் தலைவர்களை அடைத்து வைத்த அதே வளாகம். நியூ ஹாம்ப்ஷர்க்காரன் சுதந்திரத்தைச் சிறையில் தயாரித்து வெளியே அனுப்புகிறான். நாம் இன்னும் சிக்கனம், தயாரித்ததை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம்.

ஆகையால் என் திட்டத்தை மாற்றிக்கொள்ளாமல் முன்வைக்கிறேன். தகட்டில் கொடிக் கம்பத்தோடு ஒரு பள்ளி மாணவன். கட்டணத்தை அரசு தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளட்டும். விண்ணப்பத்தோடு ஆதார் நகல், இன்சூரன்ஸ், புகைச் சான்று, பாக்கி செலான் எல்லாம் கட்டிய ரசீது. கடைசியாக, விண்ணப்பதாரர் தடையை மீறி எந்த முச்சந்தியிலும் கூடியதில்லை, எந்தக் கொடியையும் ஏற்ற முயன்றதில்லை என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு கடிதம். ராமசாமியே வரிசையில் வந்து நின்றாலும் கவுண்டரில் இருப்பவர் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் கேட்பார்.